கையொப்பம் மட்டும் சம்மதமாகிவிடுமா? கானோவின் குழந்தைகள் நமக்குச் சொல்வது

1996ஆம் ஆண்டின் முற்பகுதியில் நைஜீரியாவின் வடபகுதியை மூளைக்காய்ச்சல் தாக்கியது. அந்நாடு கண்ட மிக மோசமான தொற்றுகளில் அது ஒன்று. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பதினோராயிரத்துக்கும் அதிகமானோர் மரணித்தனர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கானோ நகரில், அதே காலத்தில் சின்னமுத்தும் வாந்திபேதியும் பரவியிருந்தன. அங்குள்ள தொற்றுநோய் வைத்தியசாலையில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு குளோரம்பெனிகோல் என்ற மலிவான, ஏற்கனவே பலன் நிரூபிக்கப்பட்ட மருந்தை இலவசமாக வழங்கிக்கொண்டிருந்தது.

அதே வைத்தியசாலை வளாகத்துக்கு அமெரிக்காவின் பைசர் கம்பனியின் ஆய்வுக் குழுவொன்றும் வந்து சேர்ந்தது. கொவிட் காலத்தில் நம்மில் பலர் கையில் ஏற்றிக்கொண்ட தடுப்பூசியின் கம்பனிதான் அது. அவர்களிடம் ட்ரோவன் என்ற புதிய மருந்து இருந்தது. அப்போது அது எந்த நாட்டிலும் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டிருக்கவில்லை. நோயுற்ற 200 பிள்ளைகள் தெரிவு செய்யப்பட்டார்கள். 100 பேருக்கு ட்ரோவனும் 100 பேருக்கு ஒப்பீட்டுக்காக செப்ட்ரியாக்சோன் என்ற மருந்தும் கொடுக்கப்பட்டன. சில வாரங்களில் ஆய்வு முடிந்து குழு புறப்பட்டுவிட்டது. 11 பிள்ளைகள் மரணித்திருந்தார்கள். அவர்களில் 5 பேர் ட்ரோவன் பெற்றவர்கள், 6 பேர் மற்ற மருந்தைப் பெற்றவர்கள். வேறு பல பிள்ளைகள் செவிப்புலனையும் பார்வையையும் நடக்கும் சக்தியையும் இழந்தார்கள் என்று குடும்பங்கள் கூறின.

நான் மருத்துவரல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கும் ஓர் ஆசிரியை. பாடசாலைக்குத் தடுப்பூசிக் குழு வரும் நாள் நெருங்கும்போதெல்லாம் என் கைத்தொலைபேசிக்கு வந்து சேரும் வட்ஸ்அப் செய்திகளே இதை எழுதத் தூண்டின. "முஸ்லிம் பிள்ளைகளை வைத்து மருந்து சோதிக்கிறார்கள்" என்பது அவற்றின் சாரம். அவற்றுக்கு எதிராக, "இதெல்லாம் படிப்பறிவில்லாதவர்களின் பேச்சு" என்று ஒதுக்கும் குரல்களும் நம்மிடையே உண்டு. கானோவில் நடந்ததை முழுமையாகப் பார்த்தால், இந்த இரண்டு பேச்சுகளுமே பாதி உண்மையோடு நிற்பது விளங்கும்.

குற்றம் எங்கே இருந்தது?

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மூளைக்காய்ச்சல் தானாகவே உயிரைக் குடிக்கும் நோய். பிழைத்தவர்களிலும் பலரைச் செவிடாக்கிவிடும். எனவே மரணித்த 11 பிள்ளைகளும் மருந்தால்தான் மரணித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆய்வில் நிகழ்ந்த மரண வீதம், அந்தத் தொற்றின் பொதுவான மரண வீதத்தை விடக் குறைவு என்பதே பைசர் கம்பனி தொடர்ந்து முன்வைத்த வாதம். அந்தக் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும் கேள்வி தீர்ந்துவிடாது. ஏனென்றால் கானோவின் கேள்வி, மருந்து பலித்ததா இல்லையா என்பதல்ல. அந்தப் பெற்றோருக்குத் தங்கள் பிள்ளை ஓர் ஆய்வில் சேர்க்கப்படுகிறது என்பது தெரியுமா என்பதே.

தெரியாது என்று பெற்றோர் சொன்னார்கள். வைத்தியசாலைக்கு வந்தோம், வெள்ளைக்காரர்கள் மருந்து கொடுத்தார்கள், சிகிச்சை என்றே நினைத்தோம் என்பது அவர்கள் சொன்னதன் சுருக்கம். கையொப்பமிட்ட சம்மதப் பத்திரங்கள் இருக்கவில்லை. பெற்றோரில் பலர் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் என்பதால், தாதிமார் ஹவுஸா மொழியில் வாய்மொழியாக விளக்கிச் சம்மதம் பெற்றார்கள் என்று கம்பனி கூறியது. அப்படி விளக்கப்பட்டிருந்தாலும், இதே வளாகத்தில் பக்கத்திலேயே நிரூபிக்கப்பட்ட மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, விரும்பினால் அங்கே போகலாம் என்ற ஒரு வசனம் சொல்லப்பட்டதா? அது சொல்லப்படவில்லை என்பதே குடும்பங்களின் பிரதான குற்றச்சாட்டு. ஒப்பீட்டு மருந்தின் அளவும் குறைக்கப்பட்டது, அதனால் புதிய மருந்து சிறந்ததாகத் தோன்றும் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. கம்பனி அதையும் மறுத்தது.

2000ஆம் ஆண்டு டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை இந்த விவகாரத்தை விரிவாக வெளிக்கொண்டு வந்தது. அதில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி பற்றிய விபரம் வருகிறது. ஆவணங்களில் அவளுக்கு ஓர் இலக்கம் மட்டுமே. நிறை சுமார் 18 கிலோ. ட்ரோவன் கொடுக்கப்பட்டும் அவளது நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. ஆயினும் மருந்து மாற்றப்படவில்லை. மூன்றாம் நாள் அவள் மரணித்தாள். வேறு மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஆனால் ஒரு வைத்தியரின் முன்னால் இருக்கும் பிள்ளை நோயாளியா, அல்லது தரவா என்ற கேள்வியை அந்த மூன்று நாட்கள் எழுப்பிவிட்டன.

இன்னொரு பத்திரமும் இந்தக் கதையில் முக்கியமானது. ஆய்வை வைத்தியசாலையின் ஒழுக்கநெறிக் குழு அங்கீகரித்ததாக, 1996 மார்ச் 28 என்று திகதியிடப்பட்ட ஒரு கடிதம் காட்டப்பட்டது. அந்தத் திகதியில் அப்படியொரு குழுவே அங்கு இயங்கவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. கடிதம் பிற்காலத்தில் எழுதி, முன் திகதியிடப்பட்டது. நைஜீரிய அரசு நியமித்த நிபுணர் குழு 2001இல் தன் அறிக்கையை முடித்தது. பதிவு செய்யப்படாத மருந்தொன்றின் சட்டவிரோதப் பரிசோதனை என்பது அந்தக் குழுவின் முடிவு. ஆனால் அந்த அறிக்கை ஐந்தாண்டுகள் அலுமாரிக்குள் கிடந்தது. 2006இல்தான் அதுவும் பத்திரிகை மூலமாக வெளியே வந்தது. இது கம்பனியின் குற்றம் மட்டுமா? தன் மக்களைப் பற்றிய அறிக்கையைத் தன் மக்களிடமிருந்தே மறைத்த அரசும் இதில் பங்காளிதான்.

பதினைந்து வருடக் காத்திருப்பு

2001இல் குடும்பங்கள் நியூயோர்க் நீதிமன்றத்தை நாடின. பல வருடங்களாக, இந்த வழக்கை எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிப்பது என்பதிலேயே வாதம் நடந்தது. 2009 ஜனவரியில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. சம்மதமின்றி மனிதர்கள் மீது மருத்துவப் பரிசோதனை செய்வது சர்வதேச வழக்காற்றுச் சட்டத்தினாலேயே தடுக்கப்பட்டது, எனவே குடும்பங்கள் வழக்குத் தொடரலாம் என்றது அத்தீர்ப்பு. கானோவின் ஏழைப் பெற்றோரின் பெயரில் வந்த அந்த வரி, இன்று உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் வரியாகிவிட்டது.

அதே ஆண்டில் கானோ மாநில அரசுடன் பைசர் 75 மில்லியன் டொலர் இணக்கப்பாட்டுக்கு வந்தது. பாதிக்கப்பட்டோருக்கான நிதியத்துக்கு 35 மில்லியன், மாநிலத்தின் சுகாதாரத் திட்டங்களுக்கு 30 மில்லியன், வழக்குச் செலவுக்கு 10 மில்லியன். தான் தவறு செய்ததாகக் கம்பனி ஏற்றுக்கொள்ளவில்லை. 2011 ஆகஸ்டில் முதல் நான்கு குடும்பங்களுக்குத் தலா 175,000 டொலர் வழங்கப்பட்டது. 1996இல் பிள்ளையை மண்ணில் வைத்த தகப்பனுக்கு, 2011இல் ஒரு காசோலை. இடையில் பதினைந்து வருடங்கள்.

ட்ரோவனுக்கு என்ன நடந்தது? 1997 டிசம்பரில் அமெரிக்காவில் வயதுவந்தோருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது, பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. ஈரலைத் தாக்குவதாக முறைப்பாடுகள் எழுந்ததால் 1999இல் அங்கு அதன் பாவனை கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. ஐரோப்பாவில் இடைநிறுத்தப்பட்டது. அமெரிக்கப் பிள்ளைக்குப் பொருத்தமில்லை என்று ஒதுக்கப்பட்ட மருந்து கானோவின் பிள்ளைக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டிருந்தது. இதைக் கேட்கும் எந்தத் தாயும் கோபப்படுவாள்.

கோபம் வழி தவறியபோது

ஆனால் கதை இங்கே முடியவில்லை. அதன் இரண்டாம் பாகத்தைத்தான் வட்ஸ்அப் செய்திகள் ஒருபோதும் சொல்வதில்லை.

2003இல் போலியோ ஒழிப்புத் திட்டம் நைஜீரியாவில் தீவிரமாக நடந்துகொண்டிருந்தது. அந்தச் சொட்டு மருந்தில் மலட்டுத்தன்மையை ஏற்படுத்தும் பொருள் கலக்கப்பட்டிருக்கிறது, எயிட்ஸ் கிருமி இருக்கிறது என்ற பேச்சு வடபகுதியில் பரவியது. சில மார்க்கத் தலைவர்களும், ஏன், படித்த வைத்தியர்கள் சிலரும்கூட அதற்குக் குரல் கொடுத்தார்கள். கானோ மாநில அரசு 2003 ஆகஸ்டில் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தியது. சுமார் பதினொரு மாதங்கள் அந்தத் தடை நீடித்தது. இதற்குக் காரணங்கள் பல. ஈராக் யுத்தத்தின் பின்னரான கோபம், வடக்கிற்கும் மத்திய அரசுக்கும் இடையிலான அரசியல் இழுபறி என்பனவும் அவற்றில் அடங்கும். ஆனால் மக்களிடம் அந்தப் பேச்சு எடுபட்டதற்கு ட்ரோவனின் நினைவு பெரிய காரணம். "அன்று எங்கள் பிள்ளைகளை வைத்துச் சோதித்தவர்கள்தானே, இன்று வீடு வீடாக வந்து இலவசமாகச் சொட்டு மருந்து தருகிறார்கள்?" என்று கேட்ட பெற்றோருக்கு உடனே பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

விளைவு என்ன? போலியோ கானோவிலிருந்து புறப்பட்டது. ஏற்கனவே அந்நோயிலிருந்து விடுபட்டிருந்த பல நாடுகளுக்கு அது மீண்டும் போய்ச் சேர்ந்தது. 2005இல் யெமனில் 400க்கும் அதிகமான பிள்ளைகள் முடமானார்கள். அதே ஆண்டில் உலகின் மிகப் பெரிய முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் நோய் மீண்டும் தலைதூக்கி 300க்கும் அதிகமான பிள்ளைகளைத் தாக்கியது. அங்கு கண்டெடுக்கப்பட்ட வைரஸின் வழியைத் தேடிப் போனபோது அது நைஜீரியாவில் போய் முடிந்தது. மேற்குலகுக்குப் பாடம் புகட்டுவதாக நினைத்து எடுத்த முடிவின் விலையைக் கொடுத்தது மேற்குலகின் பிள்ளைகளல்ல. முஸ்லிம் பிள்ளைகள்.

இந்தோனேசியாவில் தயாரிக்கப்பட்ட தடுப்பு மருந்தை ஏற்றுக்கொள்வதன் மூலமே கானோவின் தடை 2004 ஜூலையில் தளர்ந்தது. பின்னர் நைஜீரியாவில் உலமாக்களும் பாரம்பரியத் தலைவர்களும் வீடு வீடாகச் சென்று, தம் சொந்தப் பிள்ளைகளுக்கு மக்கள் முன்னிலையில் சொட்டு மருந்து கொடுத்து நம்பிக்கையை மீட்டெடுத்தார்கள். 2020 ஆகஸ்டில் ஆபிரிக்கக் கண்டம் இயற்கையான போலியோ வைரஸிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஓர் ஆய்வுக் குழு சில வாரங்களில் உடைத்துவிட்டுப் போன நம்பிக்கையை ஒட்டவைக்க ஏறத்தாழ கால் நூற்றாண்டு எடுத்தது.

ஆக, கானோ இரண்டு விலைகளைக் கொடுத்தது. சம்மதம் மதிக்கப்படாததற்கு ஒன்று. அதனால் பிறந்த சந்தேகம் கடிவாளமின்றி ஓடியதற்கு மற்றொன்று.

சிகிச்சையும் ஆய்வும் ஒன்றல்ல

இந்த இரண்டையும் பிரித்தறிய ஓர் அடிப்படை வேறுபாட்டை நாம் புரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சையின் நோக்கம் உங்களைக் குணப்படுத்துவது. ஆய்வின் நோக்கம் இனி வரப்போகும் நோயாளிகளுக்காக ஓர் அறிவைத் தேடுவது. ஆய்வில் சேர்பவர் குணமடையவும் கூடும், குணமடையாமல் போகவும் கூடும். எந்த மருந்து தனக்குக் கிடைக்கும் என்பதும் பல ஆய்வுகளில் குலுக்கல் போலவே தீர்மானிக்கப்படும். இது அநியாயமல்ல. இப்படிப்பட்ட ஆய்வுகள் இல்லாவிட்டால் நாம் இன்று பாவிக்கும் நீரிழிவு மாத்திரையும் இல்லை, பிள்ளைகளின் தடுப்பூசியும் இல்லை. அநியாயம் எப்போது நிகழ்கிறது என்றால், ஆய்வைச் சிகிச்சை என்று நினைக்க வைக்கும்போதுதான்.

இந்த அநியாயம் முஸ்லிம்களுக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவின் டஸ்கீகி என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்கள் கண்காணிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு நோயின் பெயர் சொல்லப்படவில்லை. "கெட்ட இரத்தம்" என்று மட்டும் சொல்லப்பட்டது. பென்சிலின் அந்நோயைக் குணப்படுத்தும் என்பது உலகுக்கே தெரிந்த பின்னரும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. செய்தது எதிரி நாடல்ல, அவர்களது சொந்த அரசின் சுகாதாரச் சேவை. 1997இல் ஜனாதிபதி கிளின்டன் அதற்காக மன்னிப்புக் கேட்டார். கானோவையும் டஸ்கீகியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பொதுவாகத் தெரிவது மதமல்ல, ஏழ்மையும் எழுத்தறிவின்மையும் கேள்வி கேட்க ஆளில்லாமையும்தான். யாருக்காகக் கேள்வி கேட்க ஆளில்லையோ அவர்கள்தான் முதலில் தெரிவு செய்யப்படுகிறார்கள்.

இத்தகைய கொடுமைகளிலிருந்து உலகம் சில விதிகளை வகுத்துக்கொண்டது. நாஜி வைத்தியர்களை விசாரித்த நீதிமன்றம் 1947இல் வெளியிட்ட நியூரம்பெர்க் நெறிமுறையின் முதல் விதியே, ஆய்வுக்கு உட்படுபவரின் சுயவிருப்பமான சம்மதம் இன்றியமையாதது என்பதுதான். 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சின்கி பிரகடனத்தை வெளியிட்டது. பலமுறை திருத்தப்பட்ட அது, கடைசியாக 2024 ஒக்டோபரில் திருத்தப்பட்டது. கவனியுங்கள், 1996இல் இந்த விதிகள் இருந்தன. கானோவில் குறைவாக இருந்தது விதியல்ல, விதியை நினைவூட்டும் ஆள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

சம்மதம் என்பது மேற்குலகின் இறக்குமதி என்று சிலர் நினைக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது நடந்த ஒரு சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அவர்களது வாயின் ஓரத்தில் மருந்து ஊற்றப்பட்டது. வேண்டாமென்று சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்தென்றாலே வெறுப்புத்தானே என்று எண்ணிச் சூழ இருந்தவர்கள் ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்ததும், நான் தடுக்கவில்லையா என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இதிலிருந்து சட்டம் எடுப்பது உலமாக்களின் வேலை. ஓர் ஆசிரியை என்ற வகையில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். மருந்து கொடுத்தவர்கள் அன்பினால்தான் கொடுத்தார்கள். ஆயினும் அன்பு, நோயாளியின் மறுப்பை மீறுவதற்கான அனுமதியாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, மருத்துவ சிகிச்சை குறித்த தன் தீர்மானத்தில் ஆய்வைப் பற்றியும் பேசியது. ஆய்வுக்கு உட்படுபவர் முழுத் தகுதியுடையவராக இருந்து சம்மதிக்க வேண்டும், கைதிகளைப் போன்றோர் மீதான நிர்ப்பந்தமோ ஏழைகளுக்குக் காட்டப்படும் பண ஆசையோ அந்தச் சம்மதத்தில் கலந்திருக்கக் கூடாது என்றது. அத்துடன் நிற்காமல், தகுதியில்லாதோர் மீது பாதுகாவலர் சம்மதித்தாலும் மருத்துவ ஆய்வு செய்யக் கூடாது என்றும் சொன்னது. இது ஹெல்சின்கி பிரகடனத்தை விடக் கடுமையானது. கானோவில் ட்ரோவன் கொடுக்கப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே இது எழுதப்பட்டுவிட்டது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பிள்ளைகளிடம் ஒருபோதும் ஆய்வே செய்யாவிட்டால், பிள்ளைகளுக்கான மருந்தின் அளவை எப்படி அறிவது? பெரியவர்களின் அளவைப் பாதியாக்கிக் கொடுப்பதும் சம்மதமற்ற ஒரு பரிசோதனைதானே? அதனால்தான் உலக நடைமுறை, மிகக் குறைந்த ஆபத்து, பிள்ளைகளுக்கே உரிய பயன், பெற்றோரின் சம்மதம், விளங்கும் வயதென்றால் பிள்ளையின் இணக்கம் ஆகிய நிபந்தனைகளுடன் அதை அனுமதிக்கிறது. நம் உலமாக்களும் முஸ்லிம் வைத்தியர்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேச வேண்டிய விடயம் இது. மின்பரில் பாதியும் முகநூலில் பாதியுமாகப் பேசித் தீர்க்கக்கூடியதல்ல.

நம் நாட்டில்

இலங்கை கானோ அல்ல. இங்கு மருத்துவ பீடங்களிலும் பெரிய வைத்தியசாலைகளிலும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுக்கள் இயங்குகின்றன. மருத்துவப் பரிசோதனைகளைப் பகிரங்கமாகப் பதியும் பதிவேடொன்று 2006 முதல் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்குப் புதிய மருந்துப் பரிசோதனைகளை மேற்பார்க்கும் பொறுப்பு உண்டு. சுனாமிக்குப் பிந்திய காலத்தில், நம் நாட்டு ஆய்வாளர்களான அதுல சுமதிபால, சிசிர சிறிபத்தன ஆகியோர், அனர்த்தத்தின் பின்னர் ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்பது பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். வீடும் பிள்ளையும் இழந்து முகாமில் இருப்பவர், உதவி தருபவரிடம் "ஆய்வுக்கு வரமாட்டேன்" என்று எப்படிச் சொல்வார்? அம்பாறைக் கரையில் அந்த முகாம்களில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

ஆனால் குழுவும் பதிவேடும் கொழும்பில் இருந்தால் போதாது. சம்மதம் நடப்பது வார்ட்டில், கிளினிக் வரிசையில். சில வருடங்களுக்கு முன் என் மாமியை ஒரு கிளினிக்குக் கூட்டிப் போயிருந்தேன். கையில் கோவைகளோடு வந்த ஓர் இளம் பெண், வேறு மொழியில் அச்சிட்ட ஒரு தாளை நீட்டி, "அம்மா, இதுல ஒரு சைன்" என்றார். மாமி பேனையை வாங்கிவிட்டார். "இது என்னத்துக்கு மகள்?" என்று நான் கேட்டேன். நீரிழிவு நோயாளிகளைப் பற்றிய ஓர் ஆய்வு, சில கேள்விகள் மட்டும் என்று அந்தப் பிள்ளை பொறுமையாக, உடைந்த தமிழில் விளக்கினார். மாமி சந்தோஷமாகப் பதில் சொன்னார். தீங்கான ஆய்வல்ல. ஆனால் நான் கேட்டிருக்காவிட்டால், தான் ஓர் ஆய்வில் சேர்ந்தது மாமிக்கு இறுதிவரை தெரிந்திருக்காது. வீட்டுக்கு வரும் வழியில் மாமி சொன்னார்: "நான் நினைச்சன், சைன் வைக்காட்டி மருந்து தரமாட்டாங்க எண்டு."

இந்த ஒரு வசனத்தில் பிரச்சினை முழுதும் அடங்கியிருக்கிறது. மறுத்தால் சிகிச்சை கிடைக்காது என்ற பயத்தில் வைக்கப்படும் கையொப்பம் சம்மதமல்ல. அது வரிசையில் நிற்பதற்கான கட்டணம்.

தடுப்பூசிக் கடிதம் வேறு

இப்போது பாடசாலைத் தடுப்பூசிக்கு வருவோம். 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி ஏற்றப்படுகிறது. இது ஆய்வல்ல. பல நாடுகளில் பதிவு செய்யப்பட்டு, கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு ஏற்றப்பட்ட ஒன்று. பெற்றோருக்கு அனுப்பப்படும் கடிதம் சிகிச்சைக்கான சம்மதக் கடிதமே தவிர, பரிசோதனைக்கான பத்திரமல்ல. கானோவைக் காட்டி இதை மறுப்பது, பதிவு செய்யப்படாத மருந்தையும் பதிவு செய்யப்பட்ட மருந்தையும் ஒன்றாக்குவது. நம் நாட்டில் 1993க்குப் பின் போலியோ நோயாளி ஒருவர் கூட இல்லை என்பதும், நம் உம்மாமார் கிளினிக்குகளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றதன் பலன்தான்.

நம் சமூகத்தின் சந்தேகத்துக்கு வரலாறு இல்லாமலில்லை. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தையும் அனுமதித்த நிலையில், 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. விஞ்ஞானத்தின் பெயரால் அது நியாயப்படுத்தப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நிபுணர் குழு என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு நெஞ்சு இறுகுவது அதனால்தான்.

ஆனால் வதந்தி என்ன செய்யும் என்பதும் நமக்குத் தெரியும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் ஹோட்டலொன்றின் உணவில் மலட்டு மாத்திரை இருந்ததாகச் சொல்லிக் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு சொன்னது. சொல்வதற்குள் எரிந்தவை எரிந்துவிட்டன. மலட்டு மருந்து என்ற வதந்தியால் சுடப்பட்ட சமூகம், அதே வதந்தியைத் தடுப்பூசியின் மீது ஒட்டிப் பகிர்வது எப்படி நியாயமாகும்? அம்பாறையில் ஆதாரம் கேட்ட நாம், வட்ஸ்அப்பிலும் ஆதாரம் கேட்க வேண்டாமா?

என்ன செய்யலாம்?

கேள்வி கேட்பது சந்தேகமல்ல. கேள்வி கேட்க இடமில்லாத இடத்தில்தான் சந்தேகம் வளர்கிறது. வைத்தியசாலையில் யாராவது ஒரு பத்திரத்தை நீட்டினால், அவர் யாராக இருந்தாலும், பின்வருவனவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு:

இது எனக்கான சிகிச்சையா, அல்லது ஆய்வா?

இதில் சேராவிட்டால் எனக்கு வழமையான சிகிச்சை கிடைக்குமா?

இதற்கு வேறு மருந்தோ வேறு வழியோ இருக்கிறதா?

இதில் என்ன ஆபத்து? பாதிப்பு ஏற்பட்டால் யார் பொறுப்பு?

இதை எந்த ஒழுக்கநெறிக் குழு அங்கீகரித்தது?

இடையில் விலக விரும்பினால் விலகலாமா?

இதைத் தமிழில் தர முடியுமா? வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வரலாமா?

நேர்மையான ஆய்வாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். கோபப்படுபவரிடம் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. தடுப்பூசிக் கடிதத்தை மாணவியின் பையில் போட்டு, நாளை கையொப்பத்தோடு கொண்டு வா என்று சொல்லி முடிப்பது போதாது. குழு வருவதற்கு முன் பெற்றோர் கூட்டம் ஒன்றுக்குச் சுகாதார வைத்திய அதிகாரியையோ குடும்பநல உத்தியோகத்தரையோ அழைத்து, பெற்றோரின் கேள்விகளுக்கு நேருக்கு நேர் பதில் சொல்ல வைக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அரை மணி நேரம் ஒதுக்கலாம். நம் சமூகத்தில் தமிழ் பேசும் வைத்தியர்களுக்கும் மருத்துவ பீட மாணவர்களுக்கும் குறைவில்லை. ஆய்வுப் பத்திரங்கள் விளங்கும் தமிழில் எழுதப்படவும், ஒழுக்கநெறிக் குழுக்களில் சாதாரண மக்களின் பிரதிநிதியாக நம்மவர்களும் அமரவும் அவர்கள் முயற்சிக்க வேண்டும். அந்தக் குழுக்களில் மருத்துவரல்லாதவருக்கும் இடமிருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

கானோவில் 1996இல், அந்த வைத்தியசாலை வாசலில், ஹவுஸா தெரிந்த ஓர் ஆசிரியரோ ஓர் இமாமோ நின்று, "பக்கத்து அறையில் இலவசமாக வேறு மருந்து கிடைக்கிறது, எது வேண்டுமென்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும். ஒருசில பெற்றோர் பைசரின் ஆய்வைத் தெரிந்தே தெரிவு செய்திருக்கவும் கூடும். அப்போது அது ஓர் ஆய்வாக மட்டும் இருந்திருக்கும். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு போலியோ சொட்டு மருந்துடன் வந்தவர்களைப் பார்த்து அந்த ஊர் கதவைச் சாத்தியிருக்காது. நம் ஊர் வைத்தியசாலை வாசல்களிலும் பாடசாலைகளிலும் அந்த ஒரு வசனத்தைச் சொல்லும் ஆளாக நாம் இருக்கிறோமா என்பதே இப்போதைய கேள்வி.